அக்னெஸின் முழுச் சம்பளம்

1

இந்தக் கதை ஒரு சாப்பாட்டு மேசையில் பிறந்தது. மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில், தொழிற்சாலைகளுக்கு நடுவே இருக்கிறது பேரின்பநாதனின் சாப்பாட்டுக் கடை. என்னோடு வந்த கிறிஸ்தோப்பர் அண்ணை கொத்துரொட்டியை வழித்துச் சாப்பிட்டார். பரிமாறிய பெண்ணிடம் மனமார நலம் விசாரித்துவிட்டு எழுந்தார். டிப்ஸ் மட்டும் வைக்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"விசரே உனக்கு? அக்னெஸ் எங்கட கோயில் பிள்ளை. அவளுக்குச் சில்லறை வைக்கிறது பிச்சை போடுற மாதிரியெல்லோ!"

அவர் சொன்னதில் கள்ளம் இல்லை. எனக்குத்தான் அன்று தேத்தண்ணி இறங்கவில்லை.

[அடிக்குறிப்பாகப் போகவேண்டியது: மொன்றியல் இருக்கிற கியூபெக் மாகாணத்தில் டிப்ஸ் வாங்கும் வேலையாட்களுக்கு அடிப்படைச் சம்பளம் மற்றவர்களைவிடக் குறைவு. மீதியை வாடிக்கையாளர்கள் நிரப்புவார்கள் என்று சட்டம் நம்புகிறது. சட்டம் எழுதியவர்களுக்குக் கிறிஸ்தோப்பர் அண்ணையைத் தெரியாது.]

2

'பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில் அக்னெஸ்...'

வேண்டாம். மொன்றியல் கதை என்றால் முதல் வரியிலேயே பனி கொட்டவேண்டுமா? இது ஜூலை.

'"தோழர்களே!" என்று அக்னெஸ் ஒலிவாங்கியைப் பிடித்து...'

இதுவும் சரிவராது. கோயிலில் பைபிள் வாசகம் வாசிக்கச் சொன்னாலே றொஷினியை முன்னுக்குத் தள்ளிவிடுகிறவள் அக்னெஸ். (றொஷினி, அதே கடையில் பரிமாறும் மற்றப் பெண்.)

3

ஆகவே ஒலிவாங்கி இல்லாமல் எழுதுகிறேன். ஒரு காலை, கடை திறக்குமுன், அக்னெஸ் பேரின்பநாதனிடம் வாய்விட்டே கேட்டாள்.

"அண்ணை, குசினியில கோப்பை கழுவுற றூபனுக்கு முழுச் சம்பளம். எங்களுக்கு ஏன் குறைவு?"

"உங்களுக்கு டிப்ஸ் வருமெல்லே பிள்ளை."

"ஆர் வைக்கினம்?"

பேரின்பநாதன் கல்லாப்பெட்டியைத் திறந்து மூடினார். "கடை வாடகை என்னெண்டு தெரியுமே உனக்கு? அரசாங்கம் சட்டத்தை மாத்தட்டும், நானும் தாறன்."

"அப்ப அதுவரைக்கும் நானும் கோப்பை கழுவுறன்."

குசினியில் ஆள் குறைவு. அவரால் மறுக்க முடியவில்லை.

(அவரைக் கொடுமைக்காரராக்கி இரண்டு பத்தி எழுதினேன். அழித்துவிட்டேன். கண்ணீர் வழியத் தானே வெங்காயம் வெட்டுகிற முதலாளி அவர்.)

4

மத்தியானம் தொழிற்சாலை ஆட்கள் வந்து கடையை நிறைத்தார்கள். எந்தக் கறி உறைப்பு, எதில் இறைச்சி என்று பிரெஞ்சில் கேள்விமேல் கேள்வி. பேரின்பநாதனிடம் இருந்ததோ 'போன்ஜூர்', 'மெர்சி' என்ற இரண்டே சொல். அக்னெஸ் உள்ளே இருக்க, பிரெஞ்சு தெரிந்த றொஷினி ஒருத்தி எத்தனை மேசைக்கு ஓடுவாள்?

குசினிக்குள் அக்னெஸ் கோப்பைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இந்த வேலையும் போனால் வீட்டு வாடகைக்கு எங்கே போவது என்று பயந்தாள். றொஷினியைத் தனியே மாட்டிவிட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் வெளியே போகவில்லை.

கடைசியில் அவரே குசினி வாசலுக்கு வந்தார்.

"வெளியில வா பிள்ளை. உனக்கு முழுச் சம்பளம் தாறன்."

இங்கே முடித்திருந்தால் எல்லாருக்கும் சந்தோஷம். அக்னெஸ் ஏப்ரனைக் கழற்றவில்லை.

"றொஷினிக்கும் தானே, அண்ணை?"

5

இந்தக் கேள்வி என் திட்டத்தில் இல்லை. எழுதி முடித்தபிறகுதான் அவள் கேட்டதே எனக்குத் தெரிந்தது.

பேரின்பநாதன் வாசலிலேயே நிற்கிறார். அவரை 'ஓம், அவளுக்கும்தான்' என்று சொல்லவைக்க எனக்கு ஒரு நொடி போதும். எழுதியும் பார்த்தேன், வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. பிறகு அடித்துவிட்டேன். அதை எழுத எனக்கு ஒரு சதமும் செலவில்லை. கிழமைக்குக் கிழமை சம்பளத்தைக் கொடுக்கப்போகிறவர் அவர்.

மனம் வந்தால் அந்த 'ஓம்' என்ற சொல்லை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். சம்பளநாள் வரட்டும், நான் றொஷினியைக் கேட்டுவிட்டு நம்புகிறேன்.