பேஸை மட்டும் போடு

...இல்லை, இன்னும் வரவில்லை, மெத்தைக்கு அடியில் மாட்டிக்கொண்டவன் உதைப்பதுபோல் தொப்பு தொப்பென்றுதான் கேட்கிறது இந்த கிக், இதைப் போய் நெஞ்சில் இடிக்கிறது என்று எந்த வாயால் சொல்வது, மணி ஒன்பதே முக்கால் ஆகிவிட்டது, பன்னிரண்டுக்குள் எல்லா ஒலியையும் கலந்து முடித்த மிக்ஸ் போய்ச் சேராவிட்டால் பாட்டை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவானாம் அந்த ராப் பாடகன், கோபமாகச் சொல்லியிருந்தாலாவது திருப்பிக் கோபப்படலாம், சிரித்துக்கொண்டே சொன்னான், "கிக் வெளிய வரணும்ண்ணே, ஆனா பேஸ் குறையக் கூடாது, அவ்வளவுதான்." அவ்வளவுதானாம்! ஒரே நாற்காலியில் இரண்டு பேரை உட்காரவைத்து, தோள் இடிக்கக் கூடாது என்றால் எப்படி? காலால் மிதிக்கிற பெரிய டிரம்மின் அடி கிக், அதன் கூடவே ஓடுகிற கிட்டாரின் தடித்த கம்பிகளின் முனகல் பேஸ், இரண்டும் குடியிருப்பது அடித்தொனியின் அந்த அறுபது ஹெர்ட்ஸ் மூலையில், கிக்கைத் தூக்கினால் பேஸ் காணாமல் போகிறது, பேஸைத் தூக்கினால் கிக் முங்கிவிடுகிறது, பதினெட்டு வருடமாக இதே பஞ்சாயத்து, இன்னும் தீர்ந்தபாடில்லை. இதில் நாட்டாமை, அதாவது மிக்ஸ் போடுகிற இவன், அவனாவது நடுநிலையானவனா என்றால் அதுவும் இல்லை, கிக் அவனே செய்தது, இதே அறையில் காலி அட்டைப்பெட்டியைக் குதிகாலால் உதைத்து உதைத்துப் பதிந்தது, பேஸ் வாசித்தது அவன் மனைவி. எட்டு முறை வாசித்தாள், ஒன்பதாவது முறைக்கு விரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வாசித்தாள், முடித்ததும் கிட்டாரை அதன் இடத்தில் சாய்த்துவைத்துவிட்டு, இவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள், "இந்தப் பாட்டுலயும் என்னைக் குறைச்சேன்னா இதோட சரி. இனிமே உனக்கு வாசிக்க மாட்டேன்." குறைக்க மாட்டேன், சத்தியமா குறைக்க மாட்டேன் என்றான். கொஞ்சம் சீக்கிரமாகவே சொல்லிவிட்டான் என்று இப்போது தோன்றுகிறது.

தண்ணீர் குடிக்கலாம் என்று எழுந்தான், தாகம் ஒன்றும் இல்லை, உட்கார முடியவில்லை. சமையலறையில் அவள் தன் தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள், வயிறு குலுங்கச் சிரிக்கிற சிரிப்பு, அது சுவரைத் தாண்டி வந்தது, வழக்கம்போல் தொண்டையைச் செருமிக்கொண்டு உள்ளே நுழைந்தான், "சரிடி, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். பேசு பேசு, நான் தண்ணிக்குத்தான் வந்தேன் என்றான். "முடிஞ்சுது, ஒண்ணுமில்ல" என்று அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள், அடுப்பு சுத்தமாகத்தான் இருந்தது. என்ன சிரிப்பு என்று கேட்டிருக்கலாம்... கேட்கவில்லை, தலைக்குள் கிக் அடித்துக்கொண்டிருந்தது, பதினொரு மணிக்கு வந்து ஒரு தடவை கேளேன் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினான்.

பிறகுதான் அந்த வேலையைச் செய்தான். பேஸின் அளவைத் தொடவே இல்லை, சத்தியம் சத்தியம்தான், ஆனால் பேஸ் தடத்தில் சத்தத்தை அமுக்குகிற ஒரு கம்ப்ரசரைப் போட்டு, அதன் காதைக் கிக்கின் பக்கம் திருப்பி வைத்தான், கிக் விழும்போதெல்லாம் பேஸ் கண் சிமிட்டும் நேரம் தாழ்ந்து உடனே நிமிர்ந்துகொள்ளும், கேட்கிறவனுக்குத் தெரியாது, ஊரில் எல்லோரும் செய்வதுதான், இதில் என்ன தப்பு? குறைப்பது வேறு, தாழ்வது வேறு... வேறுதானே? எது எப்படியோ, கிக் வந்துவிட்டது, மேஜை மேலிருந்த பேனா குதித்தது, அவனும் ஒரு குதி குதித்தான். அந்தச் சந்தோஷத்தில் ஒரு காரியத்தை மறந்தான், பேஸைத் தனியாக ஒருமுறை கேட்டுப் பார்க்கவே இல்லை.

சொன்னபடி பதினொன்றுக்கு வந்தாள், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே நின்றபடி முழுப் பாட்டையும் கேட்டாள், கால் தாளம் போட்டது, தலை ஆடியது, அப்பாடா என்று இவனுக்கு மூச்சு வந்தது. "நல்லாருக்கு. கிக் நல்லா வந்திருக்கு" என்றாள், வந்திருக்குல்ல என்று இவனும் பல்லைக் காட்டினான், "எங்க, பேஸை மட்டும் போடு" என்றாள். போட்டான், போடாமல் என்ன செய்வது? மற்ற தடங்கள் எல்லாம் அடங்கின, பேஸ் மட்டும் வந்தது, கிக் காதுக்குத்தான் நின்றிருந்ததே தவிர அந்தக் கம்ப்ரசருக்கு நிற்கவில்லை, அடி விழவேண்டிய இடத்தில் எல்லாம் பேஸ் குனிந்தது, நிமிர்ந்தது, மறுபடி குனிந்தது, அடிதான் இல்லை. கை பொத்தானுக்குப் போவதற்குள் எட்டு சுற்று ஓடிவிட்டது. "குறைக்கலதான்" என்றாள் அவள். "ஆனா இது யாருக்காக இப்படிக் குனியுது? அங்கதான் யாருமே இல்லையே?" அது வந்து, கிக் வரும்போது மட்டும்தான், ஒரு நொடி கூட இல்ல, யாருக்கும் தெரியாது என்று என்னென்னவோ உளறினான். கத்துவாள் என்று பார்த்தான், கிட்டாரை எடுத்துக்கொண்டு போய்விடுவாள் என்று பார்த்தான், இரண்டும் இல்லை, "அனுப்பிடு. பாட்டு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள், அதுதான் தாங்கவில்லை.

பதினொன்றரை, பாட்டு திரையில் காத்திருக்கிறது, ஒரு தட்டு தட்டினால் போய்விடும், கம்ப்ரசரை எடுத்துவிட்டால் கிக் திரும்ப மெத்தைக்கு அடியில், எடுக்காவிட்டால்... ஏன் அவள் கோபப்படவில்லை? அவள் கேட்ட அந்தக் கேள்வி பேஸைப் பற்றித்தானா? எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான், போய்க் கேட்டுவிட வேண்டியதுதான், நீயே சொல், எடுக்கட்டுமா விடட்டுமா என்று. கதவு வரை போனான். அந்தப் பக்கம் அவள் மறுபடி தங்கையோடு பேசிக்கொண்டிருந்தாள், விட்ட இடத்திலிருந்து அதே சிரிப்பு, முழுக் குரல், இந்தக் குரலைச் சுவர் இல்லாமல் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று யோசித்தான், கைப்பிடியில் கை வைத்தபடி நின்றான், தன்னையறியாமல் தொண்டையைச் செருமினான். அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. அவன் இன்னும் கதவைத் திறக்கவே இல்லை.