தையல்காரியின் காலடிச் சத்தம்

தையல்காரியின் காலடிச் சத்தம் கல்யாணமான மூன்றாம் வருடம், மழை தொடங்குவதற்குச் சற்று முன்பு, நின்றுபோனது. கால்கள் இருந்தன, நடந்தன. சத்தம் மட்டும் வரவில்லை. மாடிக்குப் போகும் மரப்படிகளில் மூன்றாவது படி பூனை ஏறினாலும் முனகும், அவள் ஏறினால் வாயைத் திறக்காது. ஜன்னலோரத்துத் தையல் மிஷினை அவள் மிதித்தால் சக்கரம் சுற்றும், ஊசி இறங்கும், துணி நகரும், கடகடப்பு மட்டும் கேட்காது. மருந்துக்கடையில் போய் நின்றால் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்துத் திடுக்கிட்டுக் கையிலிருக்கும் புட்டியைப் போட்டு உடைப்பார். "ஒரு செருமலாவது செருமிட்டு வரக் கூடாதாம்மா?" என்று எரிந்து விழுவார். போன சத்தம் எங்கே போனது என்று அவரும் கேட்கவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை.

அவள் கணவருக்கு இதில் பரம திருப்தி. பதிவு அலுவலகத்தில் தலைமை எழுத்தர், ஊர் மலையேற்றக் குழுவுக்குத் தலைவர். எல்லோருக்கும் அவர் தலைவர்தான். வீட்டில் ஒரு டம்ளர் உருண்டால் போதும், வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். "நடக்கிறியா, இல்ல தரையை இடிக்கிறியா?" என்று கேட்டுக் கேட்டே பெண்டாட்டியைக் கால்விரலில் நடக்க வைத்தவர். சத்தம் அடியோடு நின்ற அன்று, "இப்பத்தான் இது வீடு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு, லாடம் அடித்த பூட்ஸோடு தடதடவென்று மாடியேறித் தூங்கப் போனார்.

அந்த பூட்ஸைத்தான் மலைக்கும் போட்டுக்கொண்டு போவார். மலை முழுக்க விரியன்கள், நடுநடுவே நாகமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைவர் முன்னால் நடக்க, குழு பின்னால் போகும். பாறையில் வெயில் காயும் விரியன் சுருளைப் பிரித்துக்கொண்டு புதருக்குள் நழுவும். நாகம் படத்தைக்கூட விரிக்காமல் பொந்துக்குள் போய்விடும். "பாத்தீங்களா, ஆளைத் தெரியுது அதுக்கு" என்பார் தலைவர். கேட்டுக்கேட்டு, நல்லவர்களுக்குத்தான் பாம்பு வழிவிடும் என்று ஊரே நம்ப ஆரம்பித்துவிட்டது. பாம்புக்கு அடிவயிறுதான் காது. ஏதோ பெரியது தரையதிர வருகிறது, உயிர் பிழைத்தால் போதும் என்று அது ஓடுகிறது. கொஞ்சம் யோசித்தால் யாருக்கும் புரியும். ஆனால் சும்மா கிடைக்கிற மரியாதையை யார் வேண்டாம் என்பார்கள்?

ஒரு தடவை எல்லோரும் குடும்பத்தோடு ஏறியபோது தையல்காரியும் போனாள். கடைசியாக நடந்தாள். ஆட்கள் கடந்துபோனதும் விரியன் மறுபடி வெயிலுக்கு வந்து படுத்திருக்கிறது. சருகு மீது அவள் நடப்பது அவளுக்கே கேட்காது, அதற்கு எப்படிக் கேட்கும்? திடீரென்று எதிரில் இரண்டு கால்களைப் பார்த்து அது சுருண்டு, குக்கர் மாதிரி சீறியது. அவள் அசையாமல் நின்றாள். அவளுக்கும் பயம், அதற்கும் பயம். கொஞ்ச நேரத்தில் அது தன் பாட்டுக்குப் போய்விட்டது. மேலே நின்று திரும்பிப் பார்த்தவர்களுக்கு மட்டும் அது மனசைவிட்டுப் போகவில்லை. "நமக்கெல்லாம் வழிவிட்டுச்சு, இவங்களைப் பாத்துத்தான் சீறுது" என்று ஆரம்பித்து வைத்தவர் மருந்துக்கடைக்காரர். அடுத்த முறையும் அப்படியே நடந்தது. அந்த வாரத்திலேயே பாதி தைத்த சட்டைகளைக்கூட வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். காஜா எடுக்காத சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்தாலும் திரிவோம், இவள் கை பட வேண்டாம் என்கிற அளவுக்குப் போய்விட்டது ஊர்.

தலைவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். "வர்ற ஞாயித்துக்கிழமை எல்லாரும் பாக்க ஏறு. வழிவிட்டா சரி. சீறுச்சுன்னா அப்படியே உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடு. பொண்ணு என்கிட்ட இருக்கட்டும்."

 மறுநாள் அவள் தலைவரின் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தபோது முதுகில் ஒரு கை பட்டுத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பினால் மகள். பள்ளிக்கூடம் விட்டு வந்து, கதவைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி வந்திருக்கிறாள், ஒன்றும் கேட்கவில்லை.  தையல்காரி பிள்ளையை மூன்றாவது படியில் ஏற்றினாள். படி கொசு மாதிரி லேசாக ரீங்கரித்தது.

"குதிடி."

"அப்பா திட்டுவாரும்மா."

"குதின்னு சொல்றேன்ல!"

குதித்தாள். தலையணை விழுந்த மாதிரி இருந்தது. தையல்காரிக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. தன் காலடிச் சத்தம் போனபோது வராத கோபம்.

ஞாயிற்றுக்கிழமை வேடிக்கை பார்க்கக் குழுவில் ஒருவர் பாக்கியில்லை. அம்மாவுக்கு நடப்பதைப் பிள்ளையும் பார்க்கட்டும் என்று தலைவர் மகளையும் கூட்டிவந்தார். மேலேயிருந்து பார்க்க வசதியாகப் பாறை வளைவில் அவரும் மற்றவர்களும் முன்னால் போய்விட, ஒரு பூவைப் பறித்துவிட்டு அவர்களைப் பிடிக்க ஓடினாள் மகள். ஓடிய சத்தம் மண்ணுக்குக் கேட்கவில்லை. பாதைக்குத் திரும்பியிருந்த விரியன் அவள் முழங்காலுக்கு நேராகத் தலையைத் தூக்கியது. தலைவர் மேலிருந்து கத்தினார். பாம்பு என்ன அவருடைய அலுவலகத்து ஆளா, கத்தினால் கேட்க? கீழே, பின்னால் நின்ற தையல்காரி வலது காலை ஓங்கித் தரையில் மிதித்தாள்.

அத்தனை வருடச் சத்தமும் அந்த ஒரு மிதியில் வெளியே வந்தது. படியேறிய சத்தம், கிணற்றடிக்குப் போன சத்தம், காய்ச்சலில் கிடந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்த சத்தம், ஓசையில்லாமல் ஓடிய மிஷினின் கடகடப்பு, எல்லாம். பாறைகள் இடம் மாறின. முன்னால் நின்ற விரியன் மட்டுமல்ல, அந்த மலையிலிருந்த பாம்பு மொத்தமும் வெள்ளம் மாதிரி இறங்கி ஓடியது, தலைவரின் பூட்ஸ் மேலேயே ஏறி ஓடியது. அவர் தொம் தொம்மென்று மிதித்துப் பார்த்தார், ஒன்றுகூடச் சட்டை செய்யவில்லை. மருந்துக்கடைக்காரர் ஏறிய மரத்திலிருந்து அவரை இறக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. யாரையும் எதுவும் கடிக்கவில்லை.

மழை முடிந்து பாம்புகள் திரும்பி வந்தன. அதன்பிறகு அவற்றுக்குத் தெரிந்த காலடி ஒன்றுதான். தலைவர் லாடத்தைப் புதிதாக அடித்துக்கொண்டு போனாலும் விரியன் வெயிலிலேயே படுத்திருக்கும், அவர் காத்திருந்து திரும்பிவிடுவார். குழுவினர் தையல்காரியை முன்னால் விட்டு நடக்கிறார்கள். நல்லவர்களுக்குத்தான் பாம்பு வழிவிடும் என்று அதே வாயால் அதையே சொல்கிறார்கள். சட்டைத் துணியும் வெட்கமில்லாமல் திரும்பி வந்தது.

மிஷின் சத்தம் இப்போது அடுத்த தெரு வரை கேட்கிறது. மகளின் காலுக்கும் சத்தம் திரும்பிவிட்டது. ஒரு மத்தியானம் மகள் மாடியிலிருந்து திடுதிடுவென்று இறங்கினாள், மூன்றாவது படி அலறியது. கீழே கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்த தலைவர் எழுந்து படியடிக்கு வந்து, "நடக்கிறியா, இல்ல..." என்று ஆரம்பித்தார். மிஷின் நின்றது. தையல்காரி தைத்த இடத்திலிருந்து கண்ணை எடுக்காமல், ஒரு காலை மட்டும் மிதியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள். தலைவர் சுவரோரமாக ஒதுங்கிப் பிள்ளைக்கு வழிவிட்டார்.