பிற்பகலில் சூடாகிறவன்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள் கண்ணுகளா, ஆறாத உடம்பொன்றின் கதை சொல்கிறேன். சங்கரன்கோவிலில் காளிராஜ் செத்த மறுநாளிலிருந்து தினமும் பிற்பகலில் ஒருமுறை சூடானான்.

பின்மண்டையில் அடிபட்டுக் கிடந்தவனை, விளக்கேற்றும் நேரத்தில் பூச்சந்தையிலிருந்து திரும்பிய மனைவி பொன்செல்விதான் முதலில் பார்த்தாள். போலீசுக்குச் சொல்லுமுன்பே அண்ணன் சங்கரபாண்டி வந்து, நீர்மாலைச் சடங்கு செய்து, கிணற்றுத் தண்ணீரில் குளிப்பாட்டி, வாடகை ஐஸ் பெட்டியில் தம்பியைக் கிடத்திவிட்டார். சொந்தபந்தம் வந்துசேர வேண்டுமே என்றார். யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. போலீஸ் மறுநாள் காலையில்தான் வந்தது.

செத்த உடம்பு மெல்ல மெல்ல ஆறும். தாடையில் தொடங்கும் விறைப்பு கீழே இறங்கும். கிடந்த பக்கம் ரத்தம் தேங்கித் தோல் கறுக்கும். பிணப் பரிசோதனை செய்யும் டாக்டர் ஜுவைரியா இவற்றை வைத்துத்தான் செத்த நேரத்தைச் சொல்வார். ஐஸில் கிடந்தவனிடம் எந்தக் கணக்கும் செல்லவில்லை. குளிரைப் பார்த்தால் முற்பகலிலேயே செத்தவன் போலிருந்தது. முற்பகலில் வீட்டில் இருந்தவள் பொன்செல்வி ஒருத்திதான். மதியத்துக்கு மேல் அவள் சந்தையில் பூக்கட்டியதை எல்லாரும் பார்த்திருந்தார்கள். டாக்டர் எழுதும் நேரம் அவளை ஒன்று ஜெயிலுக்கு அனுப்பும், இல்லை வீட்டுக்கு அனுப்பும்.

"முற்பகல்னு எழுதுங்க டாக்டரம்மா, சோலி முடிஞ்சிரும்" என்றார் இன்ஸ்பெக்டர் கோமதிசங்கர்.

"உங்களுக்கு முடியும் சார். அவளுக்குல்லா தொடங்கும்."

அன்று பிற்பகல் பிணவறைக் காவலாளி மம்மது வந்து, "அந்தப் பய சுடுதாம்மா" என்றான், குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்வதுபோல. ஜுவைரியா போய்த் தொட்டார். உயிருள்ளவன் சூடு. தெர்மாமீட்டரும் அதையே சொன்னது. மூச்சில்லை, நாடியில்லை, கைகால் மட்டும் துவண்டு கிடந்தன. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல்கள் ஆறத் தொடங்கின. அடுத்தடுத்த நாளும் அதே நேரத்தில் அப்படியே நடந்தது. ஜுவைரியா பிற்பகல் டீயை அங்கேயே வரவழைத்துக்கொண்டார்.

"செத்தவன் சூடா இருந்தான்னு கூண்டுல ஏறிச் சொல்லுவீயளா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். ஜுவைரியா நேரம் எழுதவேண்டிய இடத்தைக் காலியாகவே விட்டார். பொன்செல்வி ஸ்டேஷனிலேயே இருந்தாள்.

ஒரு பிற்பகலில் சங்கரபாண்டி எரிப்பதற்கு உடம்பைக் கேட்டு வந்தார். ஜுவைரியா நாற்காலி போட்டு, "தம்பி கையப் பிடிச்சுக்கிட்டுக் கொஞ்சம் இருங்க அண்ணாச்சி" என்றார். பிடித்தவர் விடவில்லை. சூடு விரல் நுனியில் அடங்கி, உள்ளங்கையில் அடங்கி, முழங்கையைத் தாண்டியும் போனது. வாசலில் நின்ற இன்ஸ்பெக்டரை நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னைக்கும் இம்புட்டு நேரந்தான் ஆச்சு."

கிணற்று மோட்டாரை யார் முதலில் போடுவதென்ற சண்டையில் தள்ளிவிட்டதையும், ஆட்டுரலில் தலை மோதியதையும், ஆறும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்ததையும் யாரும் கேட்காமலே சொன்னார். "அவ சந்தையிலல்லா இருந்தா, பாவம்."

பொன்செல்வி வீட்டுக்கு வந்தாள். காளிராஜை எரித்துச் சாம்பலைக் கரைத்தார்கள். அவன் விழுந்துகிடந்த சிமெண்டுத் தரை இன்றும் பிற்பகலில் சூடாகி அந்திக்குள் ஆறுகிறது. அடைமழை நாட்களில் அக்கம்பக்கத்தார் ஈரத்துணியை அங்கே கொண்டுவந்து விரிக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் ஆறுவது சுடுசோறு மட்டுமாக இருக்கட்டும். பிடித்த கைகளெல்லாம் நெடுங்காலம் வெதுவெதுப்பாக இருக்கட்டும்.