தண்ணீர் வராத போர்வெல்

டேங்கர் டிரைவர் வாயைத் திறந்தால் என் கதை முடிந்தது. அதனால்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் முதல் அடியை நானே போட்டேன்.

நான் ஆத்தப்பன். சாமளாபுரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊராட்சிக்குத் தலைவன். சாயத் தண்ணீரை எதிர்த்து நான் பேசாத மேடை இல்லை. 'நீரும் நிலமும் நம் உயிர்' என்று என் படம் போட்ட பேனர் ஊர் முகப்பில் இன்னும் தொங்குகிறது. அதை அடித்துக் கொடுத்தவரே ஒரு சாயப்பட்டறைக்காரர்தான். தேர்தலுக்கு வண்டி, பிரியாணி எல்லாம் அவர் உபயம். சும்மா செய்வாரா? என் தோட்டத்து மூலையில் ஆயிரத்து இருநூறு அடி தோண்டியும் சொட்டுத் தண்ணீர் வராத போர்வெல் ஒன்று கிடந்தது. கழிவை ஊற்ற அதைக் கேட்டார். கொடுத்தேன். தண்ணீரே இல்லாத குழியில் ஊற்றினால் எந்தத் தண்ணீரோடு போய்க் கலக்கப் போகிறது? சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். பெரிய மேதாவி நான்!

மூன்றாம் மாதம், பக்கத்துத் தோட்டத்தில் என் தம்பி மகுடேஸ்வரனின் கிணறு சிவந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்த அவனுடைய சினைமாடு நுரை தள்ளிச் செத்தது. "ஏனுங்ண்ணா, எந்தப் பாவி ஊத்துறான்னு கண்டுபுடிச்சுக் குடுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "கலெக்டர் வரைக்கும் போறேன் கண்ணு" என்றேன். இந்த நாக்கை அப்போதே அறுத்திருக்க வேண்டும்.

நேற்றுக் காலை, இரண்டு தோட்டத்துக்கும் பொதுவான வண்டித்தடத்தில் சாயக் கழிவு ஏற்றி வந்த டேங்கர் சேற்றில் புதைந்துவிட்டது. நான் போவதற்குள் ஊரே திரண்டிருந்தது. டிரைவர் ஆரோக்கியராஜ், ராமநாதபுரம் பக்கத்து ஆள், சட்டை கிழிந்து நின்றான். என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"தலைவரே, வந்துட்டீகளா! இவுககிட்ட நீங்களே சொல்லுங்க, நம்ம..."

அதற்குமேல் பேச விடவில்லை. டேங்கரில் கிடந்த ஸ்பேனரை எடுத்து வாயிலேயே போட்டேன். இரண்டு பல் சேற்றில் விழுந்தது. "அப்படிப் போடுங்க தலைவரே!" என்று கூட்டம் கத்தியது. ஒருவன் செல்போனில் படம் எடுத்தான். கீழே விழுந்தவனை விலாவில் மிதித்தேன். மறுபடியும் மிதித்தேன். உள்ளுக்குள் பயம் பிடுங்கித் தின்றது, காலை நிறுத்த முடியவில்லை.

"உடுங்கண்ணா! செத்துப் போவான்!" என்று என்னைத் தள்ளிவிட்டவன் மகுடேஸ்வரன். மாட்டைப் பறிகொடுத்தவனே அவனைத் தூக்கி உட்கார வைத்து, துண்டால் வாயைத் துடைத்தான்.

"இனி ஆரும் அடிக்க மாட்டாங்க. எங்க ஊத்துனே, அத மட்டும் சொல்லு."

ஆரோக்கியராஜ் ரத்தத்தைத் துப்பினான். என் தோட்டத்து மூலையைக் கைகாட்டினான். பிறகு என்னை.

"இவுகதான் எடத்தக் காட்டுனாக."

"பொய்! பச்சைப் பொய்!" என்று அலறினேன். தம்பி என் தோட்டத்துக்குள் போனான். போர்வெல் வாயைச் சுற்றி மண் ரத்தமாய்க் கிடப்பது எனக்குத் தெரியாதா? அதைப் பார்த்துவிட்டுத் தன் தோட்டத்து வழியாகத் திரும்பி வரும்போது அவன் கையில் ஒரு வாளி இருந்தது, அவன் கிணற்றுத் தண்ணீரோடு.

"குடி" என்றான். பிறந்ததிலிருந்து என்னை 'நீங்க' என்றே கூப்பிட்டவன்.

"மகுடு, ஆளுக பாக்கறாங்க..."

"குடிடா! என்ற மாடு குடிச்சுது. நீயும் குடி!"

முடியைப் பிடித்து மண்டியிட வைத்து, தலையை வாளிக்குள் அமுக்கினான். மூச்சு முட்டியது. குடித்தேன். உப்பும் காரமும் தொண்டையை எரித்தன. ஒருவரும் தடுக்கவில்லை. படம் எடுத்தவன் இன்னும் கிட்டே வந்து எடுத்தான். விட்டதும் தடத்திலேயே விழுந்து வாந்தி எடுத்தேன்.

அப்போதுதான் என் மனைவி குழந்தையம்மாள் ஊராட்சித் தண்ணீர் பிடித்த குடத்தோடு நிற்பதைப் பார்த்தேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள் என்று முகமே சொன்னது. என்னைத் தாண்டிப் போனாள். குடத்தைச் சாய்த்து ஆரோக்கியராஜின் வாயைக் கழுவிவிட்டாள்.

"எனக்கும் கொஞ்சம் ஊத்து புள்ள" என்றேன். நாக்கு வெந்திருந்தது.

அவள் குடத்தை இடுப்பில் தூக்கி வைத்தாள். எப்போதும் போல மரியாதையாகத்தான் சொன்னாள்.

"இப்பத்தான் உங்க போர்வெல்லுல தண்ணி இருக்குதுங்களே. அதைய எறச்சுக் குடிங்க."