இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே

முதல் மாடியில் எலும்புப் பிரிவின் வாசலைத் தாண்டியதும் குழந்தைக்குக் கால்கள் மட்டுமே இருந்தன. இடுப்புக்கு மேலே எதுவும் தெரியவில்லை. தூக்கி வந்த அம்மாவின் கைகளில் எடை மட்டும் முழுதாக இருந்தது. அவள் அப்படியே நின்றுவிட்டாள். நர்ஸ் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டு, "பயப்படாதீங்கம்மா, இங்க அப்படித்தான். வெளிய போனா சரியாயிடும்," என்றார். வெளியே போனதும் சரியானது. தலை இருந்தது, வயிறு இருந்தது, வாயோரம் எச்சில் வழிந்தது. அம்மா துடைத்துவிட்டாள்.

குழந்தைக்கு அப்போது இரண்டு வயது. பிறந்தபோது மூச்சுவிட மறந்தவள். நினைவு வருவதற்குள் சில காரியங்கள் கைவிட்டுப் போயிருந்தன. உட்கார வரவில்லை, பேச்சு வரவில்லை, அவ்வப்போது வலிப்பு வந்தது. படுக்கவைத்த இடத்தில் கிடக்காமல் உருண்டு ஓரத்துக்குப் போய்விடுவாள் என்பதால் வீட்டில் பட்டாணி என்று கூப்பிட்டார்கள். இரண்டாம் மாடி நரம்புப் பிரிவில் அவள் வெறும் தலையாக இருந்தாள். மூன்றாம் மாடி வயிற்றுப் பிரிவில் தொண்டை முதல் தொப்புள் வரை. மற்றக் குழந்தைகளுக்கும் அதே கதிதான். கண் பிரிவு பெஞ்சில் ஒரு ஜோடிக் கண்கள் அழுதுகொண்டிருந்தன. இருதயப் பிரிவில் ஒரு தகப்பன் வெறும் துடிப்பு ஒன்றைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தான். யாரும் புகார் சொல்லவில்லை. "முழுப் பிள்ளைங்களா வந்தா இடம் பத்தாதுல்ல," என்றார் அப்பா. அவர் கடை ஷட்டர்கள் ரிப்பேர் செய்பவர், இட நெருக்கடி தெரிந்தவர்.

லிஃப்ட் மட்டும் எந்தப் பிரிவையும் சேர்ந்ததல்ல. அதனால் அங்கே பட்டாணி முழுதாக இருந்தாள். மடக்குக் கதவு வைத்த பழைய லிஃப்ட். கதவை இழுத்துச் சாத்தும்போது எழும் கிறீச்சுக்கு அவள் சிரிப்பாள். முதலில் தோள் குலுங்கும், பிறகு மூக்கில் ஒரு விக்கல், சத்தம் கடைசியில்தான் வரும். லிஃப்ட்காரர் அவளுக்காகவே கதவுக்கு எண்ணெய் போடாமல் வைத்திருந்தார். மேலாளர் கேட்டால் டப்பா காலி என்பார்.

ஐந்தாவது வயதில் வலிப்பு மருந்தை மாற்றினார்கள். வலிப்பு நின்றது. நரம்பு டாக்டர் மகிழ்ந்து தலையைத் தடவிக்கொடுத்தார். சில வாரங்களில் ஒரு நாள் கதவு கிறீச்சிட்டது, பட்டாணி சிரிக்கவில்லை. லிஃப்ட்காரர் கதவைத் திறந்து மறுபடி சாத்தினார். "என்ன பாப்பா, எம்மேல கோவமா?" என்றார். அம்மாவும் அப்பாவும் அக்காவும் மாடி மாடியாக இறங்கித் தேடினார்கள்.

"சிஸ்டர், பாப்பாவோட சிரிப்ப இங்க விட்டுட்டோமான்னு பாக்குறீங்களா?"

வயிற்றுப் பிரிவு நர்ஸ் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். "இங்க வயிறுதாம்மா பாக்குறோம். சிரிப்பு எந்த டிபார்ட்மென்ட்?"

வாசலில் மாட்டியிருந்த பலகையை அக்கா மேலிருந்து கீழ்வரை படித்தாள். அப்படி ஒரு டிபார்ட்மென்ட் இல்லை.

சிரிப்போடு விழுங்குவதும் போயிற்று. ஊட்டியதை வாயில் வைத்தபடியே கிடந்தாள். விலா எலும்புகள் தெரிந்தன. வயிற்று டாக்டர் பொறுமையானவர்; வயிற்றில் துளையிட்டுக் குழாய் வைத்துவிடலாம், பிள்ளையைப் பசியில் விட முடியாது என்றார். "மருந்து மாத்துனதுலேருந்து எப்பவும் தூங்கி வழியுறா சார், அதனாலதான்," என்றாள் அம்மா. அவர் கவனமாகக் கேட்டார், படுக்கையைப் பார்த்தார். தூங்கி வழியும் தலை அந்த அறையில் இல்லை. நரம்புப் பிரிவில் போய், "முழுங்கவே மாட்டேங்குறா மேடம்," என்றபோது, தலைக்குக் கீழே தலையணைதான் இருந்தது. இரண்டு பேரும் நல்ல டாக்டர்கள். கண்ணால் பார்ப்பதை நம்புகிறவர்கள். குழாய் வைத்த பிள்ளைகளை அம்மாவுக்குத் தெரியும். அவர்கள் நன்றாகத்தான் இருந்தார்கள். ஆனால் இவள் விழுங்க மறக்கவில்லை, விழிக்க முடியாமல் கிடக்கிறாள் என்று அவளுக்குத் தோன்றியது. அதைச் சொல்ல ஓர் அறை இல்லை.

குழாய்க்கு நாள் குறிக்கப் போன அன்று லிஃப்டில் கூட்டம். எலும்பு டாக்டருக்கு முழங்கால் வலி, படியேற மாட்டார். நாலாம் மாடியில் ஏதோ மீட்டிங் என்று நரம்பு டாக்டரும் வயிற்று டாக்டரும் அவரோடு ஏறியிருந்தார்கள். இரண்டாம் மாடியைத் தாண்டியதும் கரண்ட் போயிற்று. முன்னால் வெறும் சுவர், மேலே ஒரு சாண் வெளிச்சம். "நின்னா இறங்காது, இறங்குனா நிக்காது. இதுக்கு மருந்து எழுதிக் குடுங்க சார்," என்றார் லிஃப்ட்காரர். யாரும் சிரிக்கவில்லை.

ஊட்டும் வேளை தாண்டிக்கொண்டிருந்தது. அம்மா தரையில் உட்கார்ந்தாள். அப்பா சாவிக்கொத்தைக் குலுக்கி எழுப்பினார், அக்கா தாடையைத் தாங்கினாள், அம்மா மசித்த வாழைப்பழத்தைக் கரண்டி நுனியில் எடுத்தாள். மூவருக்கும் பேச்சு தேவைப்படவில்லை.

எலும்பு டாக்டர்தான் முதலில் கண்டார். காலுறையில் மஞ்சள் வாத்து. "இது என்னோட கால்," என்றார். பிறகு அவர் பார்வை முழங்காலுக்கு மேலே, இடுப்புக்கு மேலே, தான் ஒருபோதும் போயிராத இடங்களுக்கு ஏறியது. "இந்த வயிறு எனக்குத் தெரியுமே," என்றார் வயிற்று டாக்டர். நரம்பு டாக்டர் அருகே குனிந்தார். தனக்குத் தெரிந்த தலை ஒரு கழுத்தின் மேல் சாய்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூவரும் இத்தனை வருஷமாக ஒரே பிள்ளையைப் பார்த்து வந்திருக்கிறார்கள். மேலிருந்து இறங்கிய வெளிச்சம் நெற்றியில் தொடங்கி வாத்து வரை படிந்திருந்தது. ஒரு குழந்தை இவ்வளவு நீளம் இருக்கும் என்று அவர்கள் எண்ணியதில்லை. எலும்பு டாக்டர் காலணிகளைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஏன் என்று அவருக்கே தெரியாது.

"இவ்ளோ தூக்கமா?" என்றார் வயிற்று டாக்டர்.

"அதத்தான் சார் சொல்லிட்டே இருந்தேன்."

"சொன்னீங்க," என்றார் அவர்.

எலும்பு டாக்டர் முனகிக்கொண்டே தரையில் அமர்ந்து, பாதங்களைப் பிடித்து இடுப்பை மடக்கிக் கொடுத்தார். முதுகு நிமிர்ந்தது. "கொஞ்சம் இடப்பக்கம் சாயணும் டாக்டர், அப்பதான் அவளுக்குப் புடிக்கும்," என்றாள் அக்கா. சாய்த்தார். தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது. அதைப் பார்த்ததும் நரம்பு டாக்டர் அம்மா பக்கம் திரும்பினார். "மருந்த கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சுப் பாக்கலாம். வலிப்பு திரும்ப வரலாம், வந்தா வேற மருந்து இருக்கு. நீங்க என்ன நெனைக்கிறீங்க?" அப்படி ஒரு கேள்வியை அந்தக் கட்டடத்தில் யாரும் அவளிடம் கேட்டதில்லை. கரண்டியைத் துடைத்துவிட்டு, "கொறைக்கலாம் மேடம். ராத்திரில நாங்க மாறி மாறிப் பாத்துக்குறோம்," என்றாள். குழாயைத் தள்ளிப்போடலாம், வேண்டியிருந்தால் அன்று எல்லாரும் உட்கார்ந்து முடிவு செய்யலாம் என்றார் வயிற்று டாக்டர்.

கரண்ட் வந்தது. மூன்றாம் மாடி வாசலைத் தாண்டியதும் பட்டாணி மறுபடி வயிறானாள். வயிற்று டாக்டர் வாசல் பக்கம் திரும்பி, "லிஃப்டுக்கே போயிடலாம்," என்றார்.

மருந்து குறைந்தது. வலிப்பு ஒன்றிரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. மழைக்காலம் முடியும் முன் ஒரு வியாழக்கிழமை, கதவு கிறீச்சிட்டதும் தோள் குலுங்கியது. லிஃப்ட்காரர் கைப்பிடியை விடாமல் நின்றார். மூக்கில் விக்கல். பிறகு சத்தம் வந்தது. அது லிஃப்ட் குழி வழியாக எல்லா மாடிகளுக்கும் ஏறியது. எலும்புப் பிரிவில் கிடந்த கால்கள் உதைத்தன. கண் பிரிவில் கண்கள் திரும்பிப் பார்த்தன. தகப்பனின் தோளில் கிடந்த துடிப்பு ஒரு கணம் வேகமெடுத்தது.

அதிலிருந்து வியாழன்தோறும் லிஃப்டை இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே நிறுத்திவைப்பது வழக்கமாயிற்று. உள்ளே முக்காலிகள் போட்டார்கள். ஒவ்வொரு குடும்பமாக ஏறியது, டாக்டர்கள் நெருக்கி நின்றார்கள், கைகால் திடமானவர்கள் படியேறினார்கள். பட்டாணி வளர்ந்தாள். நடக்கவில்லை, பேசவில்லை. போதும் என்றால் உதட்டை இறுக்கிக்கொண்டாள். அதையும் கேட்டு நடந்தார்கள். கதவுக்கு இன்னும் எண்ணெய் போடவில்லை.

புதிதாக வந்த பல் டாக்டர் ஒருவர் ஒரு வியாழக்கிழமை பொத்தானை அழுத்தி அலுத்துப்போய், வாட்ச்மேனிடம் லிஃப்ட் ரிப்பேரா என்று கேட்டார்.

"இல்ல சார். உள்ள ஒரு கொழந்த முழுசா இருக்கு."

"சரி," என்று பல் டாக்டர் பையைக் கை மாற்றிக்கொண்டு படியேறினார்.