கேட்டுச் சரிபார்த்தவர்

எங்கள் அலுவலகத்தில் அவரை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு இரண்டு கண்ணிலும் பார்வை கிடையாது. திரையில் இருப்பதை அவருடைய கணினி குரலில் படித்துச் சொல்லும். காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தால் மாலை வரை வாயை மூடாது. அந்தக் குரலை நாங்கள் யாரும் பின்தொடர முடியாத வேகத்தில் வைத்திருப்பார். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், மெஷின் கெட்டுப்போய்விட்டது என்று பதறிக்கொண்டு சொல்வார்கள். "மெஷின் நல்லாத்தான் இருக்கு, உங்க காதுதான் இன்னும் முதல் கியர்ல இருக்கு" என்பார்.

நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார். எட்டு வருஷமாக அப்படித்தான்.

என் வேலை பக்க வடிவமைப்பு. பதிப்பகங்கள் அனுப்பும் பாடப்புத்தகங்களைப் பக்கம் பக்கமாக அமைத்து, பிடிஎஃப் ஆக்கிக் கொடுக்க வேண்டும். அதில் கடைசிக் கட்டம் புக்மார்க். கோப்பைத் திறந்தால் இடது ஓரத்தில் அத்தியாயத் தலைப்புகள் வரிசையாக வருமே, அதுதான். அதில் ஒவ்வொரு தலைப்பும் சரியான பக்கத்துக்குப் போக வேண்டும். எது எதற்குள் அடங்கும் என்ற படிவரிசையும் சரியாக இருக்க வேண்டும். கண் தெரிகிறவர்களுக்கு அது ஒரு வசதி, அவ்வளவுதான். அது கோணலாக இருந்தால் பக்கத்தைத் தள்ளித் தள்ளியாவது போய்விடுவார்கள். காதால் படிக்கிறவர்களுக்கு அந்தப் பட்டியலை விட்டால் தடவித் தேடுவதுதான் கதி. அதனால் நான் முடித்ததும் ரேடியோ அண்ணன் ஒவ்வொரு தலைப்பாகக் கேட்டு, ஒவ்வொன்றையும் அழுத்திப் போய்ப் பார்ப்பார். வெளியே போகும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு படிவம் உண்டு. அதில் 'கேட்டுச் சரிபார்த்தவர்' என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தால்தான் கோப்பு வாசலைத் தாண்டும்.

அந்தப் புத்தகம் பிசியோதெரபி மாணவர்களுக்கானது. தொள்ளாயிரத்து நாற்பது பக்கம், முப்பத்தொரு அத்தியாயம். பார்வையில்லாத மாணவர்கள் படிக்கும் ஒரு நூலகத்துக்கும் அது போக வேண்டியிருந்தது. புதன்கிழமை ரேடியோ அண்ணன் நாள் முழுக்க உட்கார்ந்து கேட்டு, "தங்கச்சி, ஒரு கல்லு கூட இல்ல, சுத்தமான அரிசி" என்றார். வெள்ளிக்கிழமை அவர் விடுப்பு. அன்று பார்த்து ஆசிரியர் இரண்டு பக்கம் அனுப்பினார். 'திருத்திய பதிப்புக்கு ஒரு சொல்' என்று தலைப்பு. அட்டைக்கு அடுத்தபடியாக, எல்லாவற்றுக்கும் முன்னால் அது வர வேண்டுமாம். பதிப்பகத்திலிருந்து மணிக்கொரு தடவை போன்.

இரண்டு பக்கம் முன்னால் நுழைந்தால் பின்னால் உள்ள அத்தனை பக்க எண்ணும் இரண்டு கூட வேண்டும். புக்மார்க் பட்டியலை நாங்கள் தனிக் கோப்பாக வைத்திருப்போம். ஒவ்வொரு வரியிலும் மூன்று கட்டம்: தலைப்பு, நிலை எண், பக்க எண். அத்தியாயத்துக்கு நிலை ஒன்று, அதற்குள் வரும் பிரிவுக்கு நிலை இரண்டு. எந்தக் கட்டத்தில் எவ்வளவு கூட்ட வேண்டும் என்று சொன்னால் கூட்டிவிடும் ஒரு சின்ன புரோகிராம் என்னிடம் இருந்தது. மூன்றாவது கட்டத்தில் இரண்டைக் கூட்டு என்று சொல்ல வேண்டிய இடத்தில், அவசரத்தில் இரண்டாவது கட்டத்தைச் சொல்லிவிட்டேன்.

பக்க எண்கள் எதுவும் மாறவில்லை. அட்டைக்குப் பின்னால் இருந்த நிலை எண்கள் எல்லாம் இரண்டு ஏறிவிட்டன. புத்தகம் முழுவதும் அந்தப் புதிய இரண்டு பக்க முன்னுரையின் வயிற்றுக்குள் போய் ஒடுங்கிவிட்டது. திறந்து பார்த்தபோது இடது ஓரத்தில் அட்டை, ஒரு சொல் என்று இரண்டே வரி தெரிந்தது. மற்றதெல்லாம் மடங்கியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். விரித்துப் பார்க்கவில்லை. படிவத்தைத் திறந்து, கேட்டுச் சரிபார்த்தவர் என்ற இடத்தில் அண்ணன் பெயரை நானே அடித்தேன். புதன்கிழமை பார்த்தவர்தானே, இரண்டு பக்கம்தானே கூடியிருக்கிறது என்று மனசு சொன்னது. மாலை நாலரைக்குக் கோப்பு போய்விட்டது. திங்கட்கிழமை அவரிடம் சொல்லலாம் என்றிருந்தேன். திங்கட்கிழமை வேறு புத்தகம் வந்துவிட்டது.

ஐந்து வாரம் கழித்து மேனேஜர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். நூலகம் வழியாக ஒரு மாணவி கடிதம் எழுதியிருந்தாள். மேனேஜர் வாசித்தார். கோபமான கடிதம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். தலைப்புகள் எல்லாம் முன்னுரைக்குள் இருப்பதைக் கண்டுபிடிக்கவே இரண்டு நாள் ஆனது என்று எழுதியிருந்தாள். முழங்கால் என்ற தலைப்பை அழுத்தினால் ஒரு பயிற்சி அட்டவணை வந்ததாம், அதை மனப்பாடம் செய்தாளாம். அது முந்தைய அத்தியாயத்தின் கடைசியில் இருந்த இடுப்புப் பயிற்சி அட்டவணை என்று தேர்வு முடிந்த பிறகுதான் தெரிந்ததாம். "தேர்வில் அந்தக் கேள்விக்கு எனக்கு மதிப்பெண் இல்லை. எனக்குப் பின்னால் படிப்பவர்களுக்காகச் சரிசெய்தால் நன்றாக இருக்கும்" என்று முடித்திருந்தாள்.

மேனேஜர் படிவத்தை எடுத்தார். "சரிபார்த்தவர்ல உங்க பேர் இருக்கு."

"ஆமா" என்றார் ரேடியோ அண்ணன். "நான்தான் கேட்டேன். முழுசாக் கேட்டேன்." விரலால் மேசை விளிம்பைத் தடவினார். "கேட்டேன்னு நெனச்சேன் போல. எங்கயோ கோட்டை விட்டிருக்கேன். தப்பு என் மேலதான் மேடம்."

நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் அது. நான் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர் மறுத்திருந்தால் ஒருவேளை நான் சொல்லியிருப்பேன் என்று பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெளியே வரும்போது வழக்கம்போல என் தோளில் கை வைத்துத்தான் நடந்தார். "உன் உழைப்பையும் கெடுத்துட்டேன் தங்கச்சி" என்றார்.

என் இடத்துக்குப் போய் அந்த வெள்ளிக்கிழமைப் பட்டியல் கோப்பைத் திறந்தேன். ஒரே பார்வையில் தெரிந்தது. மூன்று, நான்கு, மூன்று, நான்கு என்று நிலை எண்கள் வரிசையாக நின்றன.

மறுநாளிலிருந்து அவர் தன் கணினியின் குரல் வேகத்தைக் குறைத்துவிட்டார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அது சொல்வது எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. "அத்தியாயம் நான்கு. நிலை ஒன்று. பக்கம் எண்பத்தாறு." ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்டார். ஒரு நாளில் முடிக்கிற புத்தகத்துக்கு மூன்று நாள் ஆனது. அவர் மேசையில் வேலை குவிந்தது. இந்த மாதிரி சோதனையைத் தானாகவே செய்கிற மென்பொருள் ஒன்று வந்திருக்கிறதாமே என்று மேனேஜர் யாரிடமோ போனில் விசாரித்தது கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது. அண்ணனுக்கும் கேட்டிருக்கும்.

அவர் மனைவி இரண்டு தெரு தள்ளி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறார். "ஊருக்கே கண்ணாடி விக்கிறா, கட்டின புருஷனுக்கு ஒண்ணு விக்க முடியல" என்று அண்ணன் கிண்டல் செய்வார். இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் அவரைக் கூட்டிப்போக வந்தபோது அண்ணி என்னைப் படிக்கட்டில் நிறுத்தினார்.

"காது டாக்டர்கிட்ட போயிட்டு வந்தோம்மா. காது கண்ணாடி மாதிரி இருக்குன்னு சொல்லிட்டாரு. இவருக்கு அதுலதான் பயம் ஜாஸ்தி ஆயிருச்சு. காது நல்லாருக்குன்னா அப்ப மூளைதான் மக்கர் பண்ணுதுங்கிறாரு. அவங்க அப்பாவுக்குக் கடைசில மறதி வந்துச்சு. ஆபீஸ்ல வேற எதாவது மறக்கிறாராம்மா?"

"இல்ல அண்ணி. அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றேன். அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. பஸ் வந்துவிட்டது என்று பொய் சொல்லி இறங்கினேன்.

அன்று வீட்டில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே என் கணவரிடம் சொன்னேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். முதலில் சிரித்தார். "ரெண்டு நம்பர் மாறிப்போச்சு, இதுக்கா மூஞ்சிய இப்படித் தொங்கப் போட்டிருக்க?" பிறகு படிவத்தைப் பற்றிச் சொன்னதும் கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தார்.

"அவர் பேரை நீயே போட்டியா?"

"புதன்கிழமை பார்த்தாருல்ல."

"நான் பாக்காத லிஃப்டுக்கு என் பேரை எவனாவது போட்டிருந்தா, அவன் சட்டையப் புடிச்சிருப்பேன்" என்றார். இரவுச் சாப்பாட்டின்போது பிள்ளைகளிடம் மட்டும் பேசினார்.

சொல்லிவிடுகிறேன் என்று முடிவெடுத்துக்கொண்டுதான் மறுநாள் போனேன். போனதும் அண்ணன் கூப்பிட்டார். "தங்கச்சி, ஒரு லெட்டர் அடிச்சிருக்கேன். எழுத்துப்பிழை இருக்கான்னு ஒரு பார்வை பாத்துக் குடு."

அந்த மாணவிக்கு எழுதியிருந்தார். 'நானும் உங்களைப் போலக் காதால் படிக்கிறவன். நம்மைப் போன்றவர்களுக்கு இது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் என்னை இந்த வேலையில் வைத்திருக்கிறார்கள். நானே உங்களைக் கைவிட்டுவிட்டேன். இது என் கவனக்குறைவு. மன்னியுங்கள்.' அவ்வளவுதான் கடிதம். பிழை எதுவும் இல்லை. இரண்டாவது வரியில் ஒரு கமா விடுபட்டிருந்தது. போட்டேன்.

"சரியா இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டு என் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

அந்த கமாவை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. பட்டியலில் செய்தது அவசரம். படிவத்தில் செய்தது சோம்பேறித்தனம். கமா போட்டபோது எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

மதியம் சாப்பாட்டு நேரத்தில், மற்றவர்கள் எழுந்து போன பிறகு, அவர் எதிரில் உட்கார்ந்து சொன்னேன். புதன், வெள்ளி, இரண்டு பக்கம், இரண்டாவது கட்டம், படிவம், எல்லாவற்றையும். அவர் கையில் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே கேட்டார். நான் அழவில்லை. அழுதால் அவர் ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும் என்று அடக்கிக்கொண்டேன்.

"வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு?" என்றார்.

"நாலரை."

"நான் கேட்ட கோப்பு இருக்கா?"

"இருக்கு. அதுல எல்லாம் சரியா இருக்கு. நான் பாத்துட்டேன்."

அவர் மூச்சை விட்டார். அவர் தோள் இரண்டும் இறங்கியதைப் பார்த்தேன். திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"பழி கிடக்கட்டும்" என்றார் மெதுவாக. "பதினாறு நாளா நான் என் காதை நம்பல. கேஸை அணைச்சமா, கதவைப் பூட்டினமான்னு எழுந்து எழுந்து போய்த் தடவிப் பாத்தேன். என் பொண்டாட்டிகிட்ட பத்திரம் எல்லாம் எங்க இருக்குன்னு சொல்லி வச்சேன். அது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்ணே. அண்ணி மறதின்னு சொன்னாங்க."

"தெரிஞ்சுமா?" பாட்டிலைக் கீழே வைத்தார். "இன்னைக்குக் காலைல என் லெட்டரைப் படிச்சீங்க. ஒரு கமா போட்டீங்க. மெஷின் அந்த இடத்துல ஒரு நொடி நின்னு படிக்குது, கேட்டேன்."

எட்டு வருஷமாக நீ, வா, போ என்று பேசியவர் அன்றுதான் முதல்முறையாக என்னை நீங்க என்றார். அதற்கப்புறம் மாறவேயில்லை.

மேனேஜரிடம் நானே போய்ச் சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆறு மாதத்துக்கு என் கோப்புகளை இன்னொருவர் பார்த்த பிறகுதான் வெளியே அனுப்ப வேண்டும் என்று உத்தரவானது. மென்பொருள் பேச்சு நின்றது. அண்ணி அதற்குப் பிறகு என்னைப் பார்த்தால் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போகிறார். அது நியாயம்தான்.

புத்தகத்தைச் சரிசெய்ய நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது. நிலை எண்களை இறக்கி, பக்க எண்களை ஏற்றுவது பத்து நிமிட வேலை. கேட்பதற்கு ஒரு பகல் முழுக்க ஆனது. குரல் பழைய வேகத்தில் பறந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் விரலை உயர்த்தினால் நான் குறித்துக்கொள்ள வேண்டும். இடையில் ஒரு கிண்டல் கூட இல்லை. 'ஒரு சொல்' என்ற தலைப்பு வந்தபோது மட்டும் அவர் உதடு லேசாக அசைந்தது. சிரிப்பா, எரிச்சலா, தெரியவில்லை. முடிந்ததும் படிவத்தைத் தன் பக்கம் திருப்பச் சொல்லி, தன் பெயரைத் தானே ஒவ்வொரு எழுத்தாக அடித்தார்.

அவருடைய கடிதம் போகவில்லை. அந்த மாணவியின் எண்ணை நூலகத்தில் வாங்கி நானே பேசினேன். யார், என்ன செய்தேன் என்று சொன்னேன். தேர்வுத் துறைக்கு நிறுவனம் எழுதியிருக்கிறது, மதிப்பெண் திரும்பக் கிடைக்குமா என்று தெரியவில்லை என்றும் சொன்னேன். கிடைக்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

நான் சொல்லி முடித்ததும் அவள் கேட்டாள். "நான் எழுதினது இடுப்புக்குச் சரியா இருந்துச்சா?"

"இடுப்புக்கா? அட்டவணைல இருக்கிற மாதிரியே எழுதியிருந்தா சரிதான்."

"வரி மாறாம எழுதினேன்க்கா" என்று சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை. அவள் சட்டென்று குரலை மாற்றிக்கொண்டு, "இன்னொண்ணு. மூணாவது அத்தியாயத்துல படம்னு மட்டும் சொல்லுது, படத்துல என்ன இருக்குன்னு சொல்லவே இல்ல. ஏழு படம். புத்தகத்தைத் திறந்துதானே வச்சிருக்கீங்க, அதையும் பாருங்க" என்றாள்.

பார்த்தேன். அவள் சொன்னது சரி. ஏழு இல்லை, ஒன்பது. அண்ணன் மேசைக்குப் போய்ச் சொன்னேன். அவர் கணினியின் குரலை நிறுத்தினார்.

"ஒம்போதா? புக்மார்க்கை மட்டும் கேட்டேன், படத்தை நானும் கேக்கல" என்றார். "உக்காருங்க. முதல் படத்துல என்ன இருக்கு, சொல்லுங்க."

"ஒருத்தர் குப்புறப் படுத்திருக்காரு" என்று ஆரம்பித்தேன்.

"எந்தப் பக்கம் தலை?"

படத்தை மறுபடி பார்த்தேன். நான் அதைக் கவனித்திருக்கவில்லை.