விலக்குப் பெற்ற கட்டடம்

காலை இரண்டாவது பீரியட் நடந்துகொண்டிருந்தபோது தரை அசைந்தது. கன்டெய்னர் லாரி போகிறது என்றுதான் மாணவிகள் நினைத்தார்கள். திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஓரத்துக் கல்லூரியில் ஜன்னல் கண்ணாடி சலசலப்பது தினப்படி நடப்பதுதான். ஆனால் இந்தத் தடவை மேசை மேலிருந்த தண்ணீர் பாட்டில் உருண்டு விழுந்தது. சிவில் இன்ஜினியரிங் பாடம் எடுத்துக்கொண்டிருந்த ஷாஸியா, "எல்லாரும் கீழ போங்க!" என்று கத்தினாள்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கடலுக்குள் எங்கோ லேசான நடுக்கம் என்று செய்தியில் சொன்னார்கள். மறுநாள் கல்லூரி வழக்கம்போல் திறந்தது.

ஷாஸியாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. கட்டடத்தின் கீழ்த்தளத்துக்குப் போய்ப் பார்த்தாள். சுவரே இல்லாத தளம். வெறும் தூண்கள், நடுவே மாணவிகளின் ஸ்கூட்டிகள். அந்தத் தூண்களின் தலையில் நான்கு மாடி. உப்புக்காற்றில் கம்பி துருவேறி உப்பி, சிமென்ட் பெயர்ந்திருந்தது. மூலைத்தூணின் உச்சியில் புதிதாக ஒரு விரிசல். கடைசி மாடியில் அவள் தங்கை சைமா படிக்கிறாள்.

கல்லூரி முதல்வர் சுப்பராயன் அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நிலநடுக்க விதியெல்லாம் புதுசா கட்றதுக்கும்மா. நம்ம கட்டடம் அதுக்கு முன்னாடியே வந்தது. நமக்கு விலக்கு இருக்கு."

"விலக்கு இருக்குன்னு தூணுக்குத் தெரியாதே சார்."

அவர் கோபப்படவில்லை. "பலப்படுத்தணும்னா ஒரு வருஷம் பூட்டணும். டிரஸ்ட்ல கேட்டுட்டேன். முடியவே முடியாதுன்னுட்டாங்க."

கட்டட அனுமதி அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த பொறியாளர் அசோகன் அவள் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். முகம் மாறிப்போனது.

"நீங்க சொல்றது நாயந்தான் மேடம். ஆனா விலக்குல கீற கட்டடத்த நான் இன்னா பண்றது? நோட்டீஸ் குட்த்தா கோர்ட்ல நிக்காது. எம் பொண்ணு படிக்கிற ஸ்கூலும் இதே கதிலதான் கீது."

அதற்கு மேல் அவரிடம் கேட்க எதுவும் இல்லை.

தண்டையார்பேட்டை வீட்டில் சைமாவிடம் மெதுவாகப் பேச்சைத் தொடங்கினாள். வேறு கல்லூரி பார்க்கலாமா?

"நடுவுல நிறுத்துனா அத்தா வேற காலேஜ்ல சேப்பாருன்னு நெனச்சிகினு கீறியா? மாப்ள பாக்க ஆரம்பிச்சிடுவாரு. நீ மொதல்ல உன் வேலைய வுடுவியாக்கா?"

"கிளாஸ்ல வாசப்படி பக்கமா உக்காரு" என்றாள் ஷாஸியா. இத்தனை படித்தும் தங்கைக்குச் சொல்ல அவளிடம் இருந்தது அவ்வளவுதான்.

தப்பித்து வெளியேறும் பயிற்சிக்கு மட்டும் முதல்வர் அனுமதி கொடுத்தார். வெள்ளிக்கிழமை காலை மணி அடித்ததும் மாணவிகள் இறங்கினார்கள். ஒரே படிக்கட்டு. பாதியில் நெரிசலாகி நின்றார்கள், சிலர் சிரித்தார்கள். ஒருத்தியின் செருப்பு கழன்று கீழே உருண்டது. இறங்கியவர்களுக்கு ஒதுங்கி நிற்கத் திறந்த இடம் கிடையாது. கேட்டுக்கு வெளியே துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் வரிசை கட்டியிருந்தன. லாரிக்கும் மதில்சுவருக்கும் நடுவே, கட்டடத்தின் நிழலிலேயே, அத்தனை பெண்களும் நெருக்கியடித்து நின்றார்கள். டீசல் புகையில் சைமா துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"போதும்மா, அடுத்த கிளாஸுக்கு நேரமாச்சு" என்றார் சுப்பராயன்.

ஷாஸியா அண்ணாந்து நான்கு மாடியையும் பார்த்தாள். பிறகு அவளே, "மெதுவா, ஒவ்வொருத்தரா ஏறுங்க" என்று குரல் கொடுத்தாள். எல்லாரும் ஏறி முடித்ததும் தானும் பின்னாலேயே ஏறினாள்.